வத்தல் காயும் நேரத்துக் கேள்வி பதில்

(மதுரையில் இருக்கிறேன். தொலைபேசித் துறையில் நாற்பது வருடம், அதில் முதல் பாதி டிரங்க் கால் போர்டில், வெளியூர்ப் பேச்சைக் கையால் இணைத்துக் கொடுக்கிற வேலை. 2019-ல் ஓய்வு. கோடைக்காலம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், இருபதுக்கு மேல் கடிதம் வந்துவிட்டது. முடிந்தவரை எழுதுகிறேன்.)

அம்மா, இந்த ஜனவரியில் ஓய்வு பெற்றேன். பள்ளிக்கூட வேலை. இத்தனை வருடம் எப்போது லீவு விடும் என்று கோடைக்காகக் காத்திருந்தவள், இப்போது கோடை வந்ததும் பகல் நீண்டு கிடக்கிறதே என்று பயப்படுகிறேன். நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்? (மானாமதுரை வாசகி)

முதலில் ஒரு கணக்கு. நம் பக்கம் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பகல் நீளவில்லை, உங்களுக்கு மணியடிக்க ஆள் இல்லை.

எனக்கும் அதேதான் ஆயிற்று. டிரங்க் கால் என்றால் உங்களுக்கு நினைவிருக்கும், மூன்று நிமிடம் ஒரு கணக்கு. மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து சொல்லவேண்டும், இன்னும் பேசுகிறீர்களா என்று கேட்கவேண்டும். மகள் பிரசவித்த செய்தியானாலும் சரி, சாவுச் செய்தியானாலும் சரி, மூன்று நிமிடம். எத்தனை பேர் பேச்சின் நடுவில் நான் குரல் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வெளியூருக்கு நாமே டயல் செய்கிற எஸ்டிடி வந்து, போர்டு போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகும் அந்த மூன்று நிமிடம் உடம்பை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற முதல் கோடையில் நான் காபி குடிக்கிறதே அந்த வேகத்தில்தான் இருந்தது. குடித்துவிட்டு, சரி, அடுத்தது என்ன என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் ஒன்று செய்தேன், பெரிய தவமெல்லாம் இல்லை. காலையில் காபியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டு வேப்பமரம் பாதி எங்கள் மாடியில்தான் இருக்கிறது. பங்குனி பிறந்தால் பூ கொட்ட ஆரம்பித்துவிடும், தரை முழுக்க வெள்ளைப் பொடி. முதல் நாள் ராத்திரியே ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்துவிட்டால் காலையில் ஒரு கை பூ கிடைக்கும். அதைப் புடைத்து, காம்பு நீக்கி, நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும், சித்திரை ஒன்றாம் தேதி பச்சடிக்கும் ஆகும். பூ பொறுக்குகிற வேலையை யாரும் மூன்று நிமிடத்தில் முடிக்க முடியாது. எனக்கு அதுதான் மருந்து. நீங்கள் டீச்சர், உங்களுக்கு வேறு ஏதாவது அகப்படும். ஆனால் டைம்டேபிள் மட்டும் போடாதீர்கள். நீங்கள் போடுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

விடிகாலை நாலு மணிக்கே குயில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது. எல்லாரும் இனிமை என்கிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நான் ரசனை கெட்டவளா? (திண்டுக்கல் வாசகி)

இல்லை. ஒரு தடவை கூவினால் இனிமை, ஒன்றை விட ஒன்று சுருதி ஏற்றி எட்டுத் தடவை கூவினால் எனக்கும் எரிச்சல்தான். குயில் பாடுகிறாள் என்று நாம் பெண்ணாக்கி வைத்திருக்கிறோம், அப்படி விடாமல் கூவுவது ஆண். கறுப்பாக, சிவந்த கண்ணோடு இருக்குமே, அது. பெண் குயில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், அது போடுவது கிக் கிக் என்று வேறு சத்தம். காக்காய் கூடு கட்டும் காலம் பார்த்து அதில் முட்டையிட்டுவிட்டு வேலையை முடித்துக்கொள்கிற குடும்பம் அது. வளர்க்கிற பொறுப்பு இல்லாதவர்களுக்குப் பாட நேரம் இருக்கும்தானே. இதை யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

வருடா வருடம் மாவடு போடுகிறேன், இரண்டே மாதத்தில் குழைந்துவிடுகிறது. எங்கே தப்பு? (காரைக்குடி வாசகி)

தப்பு பெரும்பாலும் கடையிலேயே நடந்துவிடும். காற்றில் உதிர்ந்த வடுவைக் கூட்டி அள்ளி விற்பார்கள், விலை குறைவாக இருக்கும், நாமும் வாங்கிவிடுவோம். விழுந்த வடுவில் எங்கேயோ அடிபட்டிருக்கும், வெளியே தெரியாது, ஜாடிக்குள் போனதும் அந்த இடத்திலிருந்து கொழகொழவென்று ஆக ஆரம்பித்து பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். காம்போடு இருக்கிற, பறித்த வடுவாகப் பாருங்கள். ஒன்றை நறுக்கிப் பாருங்கள், கொட்டை கத்திக்கு வெண்ணெய் மாதிரி அறுபடவேண்டும்.

கழுவித் துணியில் நிழலில் பரப்பி ஈரம் போகவிட்டு, காம்பை அரை விரல்கடை விட்டு நறுக்கி, விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் தடவுங்கள். கிலோவுக்கு நான் 200 கிராம் கல் உப்பு போடுகிறேன். உப்பு உடம்புக்கு ஆகாது என்று மகன் சொன்னானே என்று ஒரு வருடம் பாதியாகக் குறைத்தேன், ஜாடியோடு கொட்டவேண்டியதாயிற்று. உப்புக் குறைவாகச் சாப்பிடவேண்டும் என்றால் வடுவைக் குறைவாகச் சாப்பிடவேண்டும், ஜாடியில் குறைக்கக்கூடாது. உப்புதான் வடுவிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, மூன்று நாலு நாளில் தோல் சுருங்கி, அதன் தண்ணீரிலேயே அது முங்கிக் கிடக்கும். அதுவரை தினம் இரண்டு வேளை குலுக்கவேண்டும். மேலே மிதப்பது காற்றில் பட்டு முதலில் கெடும், அதனால் குலுக்கல் முக்கியம். தண்ணீர் விட்டதும் அந்தத் தண்ணீரிலேயே மிளகாய்ப் பொடி, கடுகுப் பொடி, மஞ்சள் கரைத்து ஊற்றுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது. வீட்டில் ஆண்பிள்ளைகள் கைவிட்டு எடுக்கிற வழக்கம் இருந்தால் ஜாடியை ஒளித்து வையுங்கள், நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைக்கிறேன்.

ஏசியா, வேப்பமர நிழலா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும். (விருதுநகர் வாசகர்)

ஏசி. (நிழலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வீட்டில் கரண்ட் இல்லை.)

பிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம் என்று மண்பானை வாங்கினேன். தண்ணீர் சில்லென்றே ஆகவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (சென்னை வாசகி)

பானை வெளியே பெயின்ட் அடித்துப் பூப் போட்டுப் பளபளவென்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பார்க்க மட்டும்தான். பானையின் பொடித் துளைகள் வழியாகத் தண்ணீர் வெளிப்பக்கம் கசிந்து, காய்ந்து ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் உள்ளே குளிர்ச்சி. துளையைப் பெயின்ட் அடைத்துவிட்டால் பிளாஸ்டிக் குடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

வெறும் பானைதான் என்றால், குற்றம் உங்கள் ஊர்க் காற்றின் மேல். கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைய, பானை கசிந்தாலும் காய மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் வறண்ட காற்று, பானையை வெளியே வைத்தால் ராத்திரிக்குள் பல் கூசும். ஆனாலும் சென்னையில் கொஞ்சம் பலன் கிடைக்கும், சமையலறை மூலையில் அடைத்து வைக்காமல் ஜன்னல் காற்று படுகிற இடத்தில், ஈர மணல் பரப்பிய தட்டின் மேல் வையுங்கள். பானை பழசாகிக் கசிவு நின்றால் தேங்காய் நார் போட்டு உள்ளும் புறமும் தேயுங்கள், சோப்பு மட்டும் வேண்டாம், அந்த வாசனையைக் கோடை முழுக்கக் குடிக்கவேண்டி வரும். வெட்டிவேர் ஒரு கொத்து போட்டால் மணக்கும். குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மணந்தாலே பாதி தாகம் தீர்ந்த மாதிரி இருக்கும், அதுதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு இந்த வயதிலும் போகிறீர்களா? கூட்டத்தை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. (கோயம்புத்தூர் வாசகி, பிறந்தது மதுரை)

பிறந்தது மதுரை என்று எழுதிவிட்டு மூச்சு முட்டுகிறது என்றும் எழுதுகிறீர்களே! சரி, உண்மையைச் சொல்கிறேன். அழகர் வைகை ஆற்றில் இறங்குகிற இடத்துக்கு நான் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்த நெரிசலில் முட்டி வலிக்காரர்களுக்கு இடமில்லை. நான் போவது முதல் நாள், எதிர்சேவைக்கு.

அழகர்மலையிலிருந்து மதுரை இருபது கிலோமீட்டருக்கு ஒன்று கூடுதல். அழகர் கள்ளர் வேடத்தில், கையில் வளரி என்கிற வளைந்த எறி ஆயுதத்தோடு, வழியில் ஒவ்வொரு மண்டகப்படியாக நின்று நின்று வருவார். ஊர் எல்லையில் எதிர்கொண்டு அழைப்பதுதான் எதிர்சேவை. செம்பில் சர்க்கரையை நிரப்பி, வாழை இலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் வைத்து ஏந்திக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். எங்கள் அம்மா வைத்திருந்த செம்புதான் இன்னும் என்னிடம் இருக்கிறது, அடியில் ஒரு நெளிசல், அதனால் கையில் சரியாக உட்காரும். அன்றைக்கு ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைப் போட்டுக்கொண்டு, விடிந்தால் தங்கக் குதிரையில் ஆற்றுக்குப் போவார்.

தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு வருகிறார், தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்த கதை. உண்மையில் மீனாட்சி கல்யாணம் மாசியிலும், அழகர் தேனூருக்குப் போய் ஆற்றில் இறங்குவது சித்திரையிலும் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் இரண்டையும் ஒன்று சேர்த்தார். ஒரு ராஜா உத்தரவு போட்டார் என்பதை மறந்துவிட்டு, அண்ணன் கோபித்துக்கொண்டார் என்று கதை கட்டிக்கொண்ட ஊர் இது. எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும். எந்தக் கல்யாணத்தில் அண்ணன்காரன் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறான்?

போர்டில் இருந்த காலத்தில் திருவிழா ராத்திரி டியூட்டி என்றால் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அழகர் இறங்கிவிட்டாரா, என்ன கலர் பட்டு என்று வெளியூரிலிருந்து அதற்கென்றே கால் போடுவார்கள். பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் மழை உண்டு, விளைச்சல் உண்டு என்பது நம்பிக்கை. அந்த ஒரு ராத்திரி மட்டும் மூன்று நிமிடம் ஆனதைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. சொல்லிவிடுவேன், அது வேறு.

நீங்கள் கிளம்பி வாருங்கள். மூச்சு முட்டினால் ஓரமாக நிற்க ஆயிரம் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது. மோரும் பானகமும் வேண்டாம் என்று சொன்னாலும் கையில் திணிப்பார்கள்.

கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வற்றல் கிடைக்கிறபோது வெயிலில் எதற்குக் கஷ்டப்படவேண்டும் என்று மருமகள் கேட்கிறாள். என்ன பதில் சொல்ல? (தேனி வாசகி)

ஒன்றும் சொல்லாதீர்கள், அவள் கேட்பது நியாயம். ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி, சூடு கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சை பிழிந்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவள் கையில் கொடுங்கள். நாங்கள் சின்ன வயதில் வத்தலுக்காக உதவி செய்ததே இல்லை, கூழுக்காகத்தான். அதற்கப்புறம் சாயங்காலம், மேல்பக்கம் காய்ந்து அடிப்பக்கம் இன்னும் பசையாக இருக்கிற அரைக்காய்ச்சல் வத்தல் இருக்கிறதே, துணியிலிருந்து உரித்து அப்படியே வாயில் போட்டால் கொஞ்சம் புளிப்பும் காரமும் வெயில் வாசனையுமாக, அதை எந்தக் கடையிலும் பாக்கெட் போட முடியாது. காய்ந்த வத்தல் வேண்டுமானால் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு விஷயம் மட்டும். கூழில் உப்பு சரியாக இருந்தால் வத்தலில் கரிக்கும், தண்ணீர் போய் உப்பு அப்படியே நின்றுவிடும். கூழ் கொஞ்சம் சப்பென்று இருக்கும்போதே நிறுத்துங்கள். காக்காய்க்குக் கறுப்புக் குடை கட்டுவது, மிளகாய் கட்டுவது எல்லாம் இரண்டு நாள் பலிக்கும், மூன்றாம் நாள் குடை மேலேயே உட்காரும்.

சித்திரையில் ஒரு நாள் நிழலே விழாதாமே, பாட்டி? எங்கள் அறிவியல் சார் சொன்னார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? (எட்டாம் வகுப்பு மாணவன், மேலூர்)

பார்த்திருக்கிறேன் ராசா, போன வருடம்தான், அதுவும் என் பேரன் இழுத்துக்கொண்டு போய். அறுபத்தைந்து வருடம் அந்த வெயிலில் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

மதுரைக்கு ஏப்ரல் 15, 16 வாக்கில் வரும். சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டே வருகிறது, கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 பக்கமே தலைக்கு நேர் மேலே வந்துவிடும், நமக்கு அப்புறம், சென்னைக்கு 24, 25. ஆகஸ்ட் கடைசியில் தெற்கே திரும்பும்போது நமக்கு இன்னொரு தடவை. சரியாகப் பன்னிரண்டுக்கு மாடிக்குப் போய் ஏமாறாதே, நாடு முழுக்க ஒரே கடிகாரம், அது அலகாபாத் பக்கத்து உச்சிக் கணக்கு, மதுரையில் உச்சி வருவது 12.17, 12.18-க்கு. ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வை. நிழல் சுருங்கிச் சுருங்கி டம்ளருக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்ளும். செருப்புப் போட்டுக்கொண்டு போ. நான் போடாமல் போய் நிழலைப் பார்த்ததை விட நடனம் ஆடியதுதான் அதிகம்.

மதியம் ஒரு மணி நேரம் தூங்கினால் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. (ராஜபாளையம் வாசகி)

தூங்கி எழுந்து இன்னொரு கடிதம் எழுதுங்கள், என்ன நினைத்தார்கள் என்று. எனக்கு யாரும் ஒன்றும் நினைத்ததாகத் தெரியவில்லை, அவர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா, அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. மாம்பழம் வந்துவிட்டது. அவர்தான் பார்த்துப் பார்த்து வாங்குவார். கடையைத் தாண்டிப் போகவே முடியவில்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தெரியவில்லை. (ஊர் வேண்டாம் என்று எழுதியவர்)

கேள்விதான் தங்கச்சி.

எங்கள் வீட்டில் அவருக்குக் காசாலட்டு. நத்தம் பக்கத்திலிருந்து வரும், சின்னதாக, உருண்டையாக, பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இமாம்பசந்த் வாங்குங்களேன் என்றால் அது பணக்காரப் பழம் என்பார். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார், பழக்காரம்மா திட்டுவாள், அடுத்த வாரம் அவளிடமே போவார். அரிசிப் பானைக்குள் வைக்கோல் போட்டு அடுக்கி, தினம் காலையில் ஒரு தடவை திறந்து முகர்ந்துவிட்டு மூடுவார்.

அவர் போன முதல் வருடம் நான் வாங்கவில்லை. இரண்டாம் வருடமும் வாங்கவில்லை. பிள்ளைகள் வாங்கி வந்தார்கள், சாப்பிட்டேன், ருசி தெரியவில்லை. மூன்றாம் வருடம் அந்தப் பழக்காரம்மாவே கூப்பிட்டாள். அய்யாவைக் காணோமே என்றாள். சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை, ஒரு பழத்தை எடுத்து, அவளே காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்து, என் கையில் வைத்தாள். ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டாள், அது எனக்குப் பிடித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பையைத் திறந்து திறந்து முகர்ந்துகொண்டே வந்தேன், ரோட்டில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

உங்களுக்கு இந்த வருடம் வேண்டாம் என்றால் வேண்டாம். மாமரம் அடுத்த வருடமும் காய்க்கும். எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், நீளமாகவே எழுதுங்கள்.

நுங்கை எப்படிப் பார்த்து வாங்குவது? (ஈரோடு வாசகர்)

வெட்டுகிறவர் பக்கத்தில் நின்று, விரலால் அழுத்தினால் அமுங்குகிற இளசாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே தண்ணீர் ஆடவேண்டும். முற்றியதைச் சாப்பிட்டால் வயிறு வலிக்கும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. தோலோடு சாப்பிடலாம், துவர்ப்புத்தான், எனக்கு அது பிடிக்கும். வெட்டிப் போட்ட கூந்தலில், அதாவது நுங்கு எடுத்த வெறும் ஓட்டில், இரண்டைக் கேட்டு வாங்கி, ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளுகிற நுங்கு வண்டி செய்து பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொள்வான், மிச்ச நேரம் நீங்கள் ஓட்டலாம்.

கத்திரி எப்போது ஆரம்பிக்கிறது? அதற்குள் ஒரு மழை வருமா? (சிவகங்கை வாசகி)

வழக்கம்போல மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வாக்கில் முடியும். மழை பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பேனா எடுக்கும்போது வெயில்தான் அடித்தது. இப்போது மேற்கே நாகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, புழுதி வாசனை வந்துவிட்டது, வேப்பமரம் ஒரே ஆட்டம். மாடியில் மூன்று வேட்டி வத்தல் கிடக்கிறது. மிச்சம் அடுத்த இதழில்.